பழுதுபார்த்த கேமராவில் சரியும் கடல்: சேவை மையத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்
புகைப்பட நிலைய உரிமையாளர்,
கன்னியாகுமரி.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கேமரா பழுதுபார்ப்பு மையம்,
சென்னை.

பொருள்: ஷட்டர் மாற்றித் தரப்பட்ட கேமராவில் படங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து பதிவாவது, சென்சாரை நேராகப் பொருத்தித் தரக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த கார்த்திகை மாதம் முக்காலியோடு பாறையில் விழுந்து ஷட்டர் நின்றுபோன என்னுடைய கேமராவைத் தங்கள் மையத்துக்கு அனுப்பியிருந்தேன். இருபத்தொரு நாள் கழித்து, ஷட்டர் தொகுதி முழுவதையும் மாற்றியதாகக் குறிப்பிட்ட பில்லோடும் 90 நாள் உத்தரவாதத்தோடும் அது திரும்பி வந்தது. ₹18,600 செலுத்திப் பெற்றுக்கொண்டேன். அந்த ஷட்டர் இன்றுவரை குறையின்றி இயங்குகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் புகார் வேறொன்றைப் பற்றியது. கேமரா திரும்பி வந்த நாளிலிருந்து அதில் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் கடல் வலப்பக்கமாகச் சரிந்து நிற்கிறது.

கன்னியாகுமரியில் புகைப்படத் தொழில் செய்பவனுக்கு இது எவ்வளவு பெரிய குறை என்பதைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. விடியற்காலையில் சூரிய உதயம் பார்க்க வரும் குடும்பங்களைக் கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுப்பதுதான் என் தொழிலில் பெரும்பகுதி. உள்ளூர்க் கல்யாண மண்டபத்தில் எடுக்கும் படம் ஒரு டிகிரி சாய்ந்தால் மாலையும் தோரணமும் அதை மறைத்துவிடும். இங்கே ஆட்களுக்குப் பின்னால் இருப்பது ஒரே ஒரு கோடு. அந்தக் கோடு சாய்ந்தால், படம் பார்க்கத் தெரியாதவர்கூட முதல் பார்வையிலேயே, "தண்ணி வழிஞ்சு ஓடுற மாதிரி இருக்கே அண்ணாச்சி" என்று சொல்லிவிடுகிறார்.

சாய்வின் அளவை நான் கண்மதிப்பாகச் சொல்லவில்லை. கேமராத் திரையில் உள்ள மின்னணு மட்டக்காட்டி பச்சை நிறம் காட்டும்போது எடுத்த படத்தில், இடது ஓரத்தில் தொடுவானம் இருக்கும் உயரத்தைவிட வலது ஓரத்தில் அது 147 பிக்சல் கீழே இருக்கிறது. படத்தின் அகலம் 6,000 பிக்சல் என்பதால் இது ஏறத்தாழ 1.4 டிகிரிச் சாய்வு. 30 அங்குல அகலத்தில் பிரதி போட்டால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் முக்கால் அங்குலம் வித்தியாசம் வருகிறது. வெவ்வேறு நாளில் எடுத்த நாற்பது படங்களை இப்படி அளந்தேன். எல்லாவற்றிலும் சாய்வு அதே பக்கம், ஏறக்குறைய அதே அளவு. கை தவறியிருந்தால் ஒருநாள் இடம், ஒருநாள் வலம் என்று மாறியிருக்கும்.

மட்டக்காட்டியையே சந்தேகித்து, வீட்டு வேலைக்கு வந்திருந்த கொத்தனாரின் உதவியோடு இன்னொரு சோதனையும் செய்தேன். தண்ணீர் நிரப்பிய டியூப்பின் இரு முனைகளையும் நான்கு மீட்டர் இடைவெளியில் சுவரில் பிடித்து, தண்ணீர் நின்ற இடங்களில் அவர் பென்சிலால் குறித்தார். அந்த இரு குறிகளுக்கும் நடுவே நூல் கட்டினோம். நடுவில் தூக்குக்குண்டையும் தொங்கவிட்டோம். சுவரைச் சற்றே கோணலாகப் பார்த்தாலும், லென்ஸின் உயரத்தில் இருக்கும் கிடைக்கோடு மட்டும் சாயாது என்பதால், முக்காலியை அந்த நூலின் உயரத்துக்கே ஏற்றினேன். கேமராவின் தலையில் ரசமட்டத்தை வைத்துக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு ரசமட்டத்தையே முனை மாற்றி வைத்தும் பார்த்தோம், குமிழி நகரவில்லை. ஆக ரசமட்டமும் சரி, கேமராவின் உடலும் சரி, திரையில் தெரிந்த பச்சைக்கோடும் சரி. எடுத்த படத்தில் நூல் வலப்பக்கம் இறங்கியிருந்தது. தூக்குக்குண்டின் கயிறும் அதே 1.4 டிகிரி சாய்ந்திருந்தது. நாற்பது வருடமாகச் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கும் அந்த மனிதர் திரையைப் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கிற தகட்டைக் கோணலா வச்சுட்டாங்க" என்றார். தங்கள் பொறியாளர்கள் இரண்டு கடிதங்களில் சொல்லாததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

நானும் அதையேதான் சொல்கிறேன். இந்த வகைக் கேமராவில் ஷட்டரை மாற்ற வேண்டுமானால் அதன் பின்னால் இருக்கும் சென்சார் தொகுதியைக் கழற்றியாக வேண்டும். படத்தைப் பதிவு செய்வது சென்சார். மட்டக்காட்டிக்கு ஈர்ப்புத் திசையைச் சொல்வது வேறொரு சிறு சில்லு. சென்சார் கேமராவின் உடலுக்கு நேராகத் திரும்ப உட்காராவிட்டால், மட்டக்காட்டி உண்மையைச் சொல்லிக்கொண்டே இருக்கும், படம் மட்டும் சாயும். என் கேமராவில் நடப்பது துல்லியமாக இதுதான். கீழே விழுந்ததிலேயே சென்சார் நகர்ந்திருக்கலாம் என்று தாங்கள் சொல்லக்கூடும். அப்படியே இருந்தாலும், அதைக் கழற்றி மீண்டும் பொருத்தியவர்கள் தங்கள் பணியாளர்கள்தான்; பொருத்திய பின் ஒரு நேர்கோட்டைப் படம் எடுத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். விபத்துக்கு முன் மூன்று ஆண்டுகளாக இதே கேமராவில், இதே கடற்கரையில் எடுத்த படங்களில் அரை டிகிரிக்கு மேல் சாய்ந்தது அபூர்வம்.

என் முதல் மின்னஞ்சலுக்குத் தாங்கள் அனுப்பிய பதிலில், லென்ஸைச் சோதிக்கச் சொல்லியிருந்தீர்கள். லென்ஸ் வட்டமானது, அது கோட்டை வளைக்கும், ஆனால் படம் முழுவதையும் ஒரு பக்கமாகச் சுழற்றாது. இருந்தும் 35, 85 மில்லிமீட்டர் லென்ஸ்கள் இரண்டையும் போட்டுப் பார்த்தேன், சாய்வு மாறவில்லை. நான் கரைக்குக் கோணலாக நின்று எடுத்திருக்கலாம் என்று அடுத்து எழுதினீர்கள். கரைக்கோடு வேறு, தொடுவானம் வேறு. நம் பக்கத்திலிருந்து விலகிப் போகும் கரை படத்தில் சரிவாகத் தெரிவது இயல்பு. குளத்தின் மறுகரைகூட அப்படித் தெரிவதுண்டு. ஆனால் நான் நிற்கும் மேட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர் தள்ளி வானத்தைத் தொடும் கடல் கோடு, எந்தத் திசையில் திரும்பி நின்றாலும் மட்டமாகவே இருக்கும். தென்கிழக்கே பார்த்தும் தென்மேற்கே பார்த்தும் எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன். இரண்டிலும் அதே சாய்வைக் காணலாம்.

இரண்டாம் முறை கேமராவைப் பதினாறு நாள் வைத்திருந்து, "சோதனையில் குறை எதுவும் காணப்படவில்லை" என்ற சீட்டோடு திருப்பி அனுப்பினீர்கள். மட்டக்காட்டியில் ஒரு டிகிரி வரை பிழை இருக்கலாம் என்று கையேட்டில் உள்ளதையும் சுட்டிக்காட்டினீர்கள். அந்த வரம்பை நான் மறுக்கவில்லை. ஆனால் 1.4 என்பது ஒன்றைவிடப் பெரிது. மேலும் அந்த வரம்பு மட்டக்காட்டிக்கு உரியது. இங்கே ரசமட்டமும் தூக்குக்குண்டும் மட்டக்காட்டியின் பக்கம் சாட்சி சொல்கின்றன.

அந்தச் சீட்டோடு, என் படங்களில் ஒன்றை மென்பொருளில் தானாக நேராக்கும் பொத்தானை அழுத்தித் திருத்தி, மாதிரிக்காக அனுப்பியிருந்தீர்கள். அது திருவள்ளுவர் சிலை இருக்கும் படம். பீடத்தோடு சேர்த்து 133 அடி உயரமுள்ள அந்தச் சிலையைச் சிற்பி இடுப்பில் சற்று ஒசிந்து நிற்பது போலவே செதுக்கியிருக்கிறார். மென்பொருள் அந்த ஒசிவைக் கோணல் என்று எடுத்துக்கொண்டு வள்ளுவரை நிமிர்த்தியது. அதன் பலனாகக் கடல் முன்னைவிட அதிகமாகச் சரிந்தது. அனுப்புவதற்கு முன் ஒருவர்கூட அந்தப் படத்தைப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

கையால் திருத்திக்கொள்ள எனக்குத் தெரியும். இப்போது தினமும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் சதுரப் பலகையைத் திருப்பிச் சட்டத்துக்குள் வைத்தால் மூலைகளை வெட்டித்தான் ஆக வேண்டும். 1.4 டிகிரி திருப்பிய 6,000 × 4,000 பிக்சல் படத்தில், அதே விகிதத்தில் மிஞ்சுவது ஏறத்தாழ 5,790 × 3,860 மட்டுமே. பரப்பில் நூற்றுக்கு ஏழு பங்கு போய்விடுகிறது. போவது வெறும் வானமாக இருந்தால் பரவாயில்லை. சென்ற மாதம் மதுரையிலிருந்து அறுபதாம் கல்யாணம் முடித்து வந்த ஒரு குடும்பம், இருபத்து மூன்று பேர், ஒரே வரிசையில் சட்டத்தின் இரு ஓரங்களையும் தொட்டு நின்றார்கள். நேராக்கியதும், வலது கோடியில் பேத்தியின் தோளில் கை போட்டிருந்த அத்தையின் மறுகை மணிக்கட்டோடு வெட்டுப்பட்டது. வெட்டாமல் விட்டு, காலியான மூலைகளில் மணலையும் தண்ணீரையும் ஒட்டி நிரப்ப எனக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. அப்படியும் ஒரே அலை இரண்டு இடத்தில் நுரைப்பதை அந்தப் பேத்தியே கண்டுபிடித்துவிட்டாள். அந்தப் பிரதிக்கு நான் பணம் வாங்கவில்லை.

கேமராவையே சற்றுச் சாய்த்துப் பிடித்துப் பழகிக்கொள்ளலாமே என்று தங்கள் தொலைபேசிப் பணியாளர் நல்லெண்ணத்தோடு சொன்னார். முக்காலியில் மட்டம் பார்த்து வைத்துக் கேமராவைச் சுழற்றி அகன்ற காட்சி எடுக்கும்போது அந்த யோசனை உதவாது. ஒவ்வொரு படமும் முந்தையதைவிட ஒரு படி இறங்கி, ஒட்டிய பின் மாடிப்படி போல நிற்கிறது.

ஆகவே, சென்சாரை மீண்டும் கழற்றி நேராகப் பொருத்தித் தருமாறும், பொருத்திய பின் மட்டமான கோடுகளை எடுத்த சோதனைப் படங்களைக் கேமராவோடு அனுப்புமாறும் கேட்டுக்கொள்கிறேன். முதல் புகாரை நான் பன்னிரண்டாம் நாளிலேயே பதிவு செய்துவிட்டதால், தங்கள் 90 நாள் உத்தரவாதம் இந்த வேலைக்குப் பொருந்தும்; போக்குவரத்துச் செலவும் தங்களைச் சேர்ந்தது. தங்களால் இயலாதெனில் ₹18,600-ஐத் திருப்பித் தாருங்கள்; வேறிடத்தில் செய்துகொள்கிறேன். பதினைந்து நாளுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாட்டுக்காக எங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன். நான் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிட அச்சட்டம் இடம் தருவதால், இதற்காக நான் சென்னை வரத் தேவையில்லை.

பில், தங்கள் இரண்டு பதில்கள், நாற்பது படங்களின் அளவுகள், நூலும் தூக்குக்குண்டும் தெரியும் சுவர்ப் படம், விபத்துக்கு முந்தைய ஆறு படங்கள் ஆகியவற்றை இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். கேமராவைப் பெட்டியில் பொதிந்து தயாராக வைத்திருக்கிறேன். பங்குனியில் மூன்று திருமணங்களுக்கு முன்பணம் வாங்கியிருப்பதால், அதை எடுத்துச்செல்ல ஆள் வரும் நாளை முன்கூட்டியே தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்
(கையொப்பம்)