கிணற்றடி ஆச்சியின் பெயர்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள நண்பருக்கு,

உம்முடைய கடிதத்துக்கு எட்டு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்தது என் பிழைதான், பொறுத்துக்கொள்ளும். முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து நீர் நடக்கத் தொடங்கிவிட்டீர் என்று கேள்விப்பட்டு எல்லோருக்கும் பெரிய ஆறுதல். இங்கே நாங்கள் சுகம். பரியாரியாரின் சைக்கிளை நீர் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதையும் நினைவூட்டிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அம்மாவின் திவசத்தை இதுவரை பெரியண்ணரே செய்துவந்தார். அவர் போன பிறகு இந்த வருடம்தான் அது என் கைக்கு வந்தது. ஐயர் பெயர்களைக் கேட்டபோது, அப்புவின் வழியில் மூன்று தலைமுறையைத் தடங்கலின்றிச் சொன்ன எனக்கு, அம்மாவைப் பெற்றவளின் பெயர் தெரியவில்லை. கிணற்றுத் துலாவின் ஆடுகாலடியில் உட்கார்ந்து எங்களுக்குத் தலைமுழுக வார்த்தவளை ஊர் முழுக்கக் 'கிணற்றடி ஆச்சி' என்றே கூப்பிட்டோம். தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பெயரையா சொல்ல முடியும்?

அன்று முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. செத்தவர்களின் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சடிக்கும் நினைவுப் புத்தகங்களான கல்வெட்டுகள் வீட்டில் சேர்ந்து கிடந்தன, அவற்றையெல்லாம் புரட்டினேன். வம்சாவளிகளில் ஆண்களின் பெயரும், பார்த்த உத்தியோகமும், மலாயா றெயில்வேயில் இருந்த காலமும் விரிவாக இருக்கின்றன. தாத்தாவின் கல்வெட்டில் ஆச்சி 'அன்னாரின் அருமைப் பத்தினி' மட்டுமே. நாங்கள் அச்சடித்த புத்தகங்கள்தாமே இவை என்று நினைக்க மனம் மிகவும் நொந்தது.

"உறுதியைப் பாருங்கோவன்" என்று மனைவிதான் சொன்னார். அக்கா லண்டனுக்குப் போகும்போது என் பொறுப்பில் விட்டுச் சென்ற காணி உறுதிகள், அதாவது சொத்துப் பத்திரங்கள், றங்குப்பெட்டியின் அடியில் இருந்தன. 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் இடம்பெயர்ந்து வலிகாமப் பகுதியே நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையில் நடந்தபோது, அடையாள அட்டைகளோடு ஒரு பொலித்தீன் பையில் சுற்றி மனைவி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தவை அவை. அதனால்தான் இன்றும் இருக்கின்றன.

1940இல் ஆச்சி அம்மாவுக்கு எழுதிக் கொடுத்த சீதன உறுதியைப் பிரித்தேன். நாலு பரப்புக் காணி, கல்வீடு, வான்பயிர், செய்பயிர், பங்குக்கிணறு, அதற்குரிய வழிவாய்க்கால் என்று உறுதி எழுதிய நொத்தாரிசு வரிசையாக எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில், தாத்தாவின் கையெழுத்துக்கு மேலே, ஆச்சி தன் கையாலேயே முழுப்பெயரையும் எழுதியிருக்கிறாள். மை மண்ணிறமாக மங்கிவிட்டது. 'பிள்ளை' என்பதில் வரும் 'ளை'யை, பழைய முறையில் யானைத் துதிக்கை போல் சுழித்து, அந்த இடத்தில் மட்டும் பேனையை அழுத்தியிருக்கிறாள். விரலால் தடவினால் கடதாசியின் மறுபக்கத்தில் அந்தச் சுழி தட்டுப்படுகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதோடு முடியவில்லை. அந்தக் காணி ஆச்சிக்கு எப்படி உரித்தானது என்று சொல்லும் வரியில், 1908இல் அவளுடைய தாய் எழுதிய சீதன உறுதியின் இலக்கமும் அந்தத் தாயின் பெயரும் இருக்கின்றன. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் பதிந்த தேசவழமை என்னும் யாழ்ப்பாண வழக்கச் சட்டத்தின்படி, பரம்பரைச் சொத்தான முதுசம் ஆண்மக்களுக்கு, சீதனம் பெண்மக்களுக்கு என்பதுதான் இங்கிருந்த பழைய வழக்கம். தாயிடமிருந்து மகளுக்கு வீடு போன வழியே பெண்களின் பெயர்களும் வந்திருக்கின்றன. கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தில், காணிக் கிளையில் முப்பது வருடம் ஊராரின் உறுதிகளைப் பார்த்தவன் நான். சொந்த வீட்டு உறுதியை ஒரு நாளாவது இப்படி வாசித்தேனா?

ஆவணியில் எங்களுடைய ஐம்பதாவது திருமண நாளுக்கு ஒரு குடும்ப மலர் போடப் பிள்ளைகள் விரும்புகிறார்கள். தாய்வழியைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டேன். 1908ஆம் ஆண்டு உறுதியின் பிரதிக்குக் காணிப் பதிவகத்தில் விண்ணப்பமும் கொடுத்திருக்கிறேன்.

உமக்கு எழுத வேண்டியது இனித்தான் வருகிறது. ஆச்சியின் உறுதியில் மேற்கு எல்லை உம்முடைய அம்மம்மாவின் காணி. பங்குக்கிணற்றில் மற்றப் பாதியும் அவருடையதுதான். அவருடைய முழுப்பெயரும், தகப்பன் பெயரும், அப்போது விதவையாக இருந்தார் என்பதும் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தப் பெயர் உமக்குத் தெரியுமா? தெரியாதென்றால் நான் கடிதத்தில் எழுதமாட்டேன். ஆவணிக்கு வந்து அந்தத் தாளிலேயே வாசியும். வரும்போது, உங்கள் வீட்டு உறுதிகள் தங்கச்சியிடம் இருந்தால், கிணற்றைப் பற்றிச் சொல்லும் பக்கத்தையாவது கையோடு கொண்டுவாரும்.

இப்படிக்கு,
உமது அன்புள்ள நண்பன்