பரங்கிக்காய் பறிக்கும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆடிப்பட்டத்தில் நம் கடையில் பரங்கி விதை வாங்கிப் போனவர்களின் தோட்டத்தில் இப்போது காய் முற்றும் நேரம். மார்கழி பிறந்தால் வரும் புகாரும் வரத் தொடங்கிவிட்டது. "நல்லாத்தான் இருந்தது, பறித்து வைத்த பதினைந்து நாளில் அழுகிப்போச்சு, விதை சரியில்லையா?" என்கிறார்கள். விதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முற்றாமல் பறித்திருப்பார்கள், இல்லையென்றால் காம்பை ஒடித்திருப்பார்கள். கூட்டத்துக்கு நடுவே இதை நிதானமாகச் சொல்ல முடிவதில்லை என்பதால் எழுதியே அனுப்புகிறோம்.

காய் பெருத்துவிட்டது என்பதற்காக முற்றிவிட்டது என்று எண்ண வேண்டாம். பரங்கி முதலில் பெருக்கும். தோல் கெட்டிப்படுவதும் சதையில் மாவு ஏறுவதும் அப்புறம்தான். கட்டைவிரல் நகத்தைத் தோலில் லேசாக அழுத்துங்கள். நகம் இறங்கினால் இன்னும் இளசு. முற்றின காயில் தடம்கூட விழாது, பளபளப்பும் மங்கியிருக்கும். எல்லாவற்றையும்விட நாங்கள் நம்புவது காம்பைத்தான். பச்சை மாறி, வற்றி, கட்டைதட்டியிருந்தால் பறிக்கலாம்.

ரகத்தையும் பாருங்கள். கோ 1, கோ 2 இரண்டும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்துப் பரங்கி ரகங்கள். கோ 2 என்றால் காய் ஒன்றரை, இரண்டு கிலோ. வயது 135 நாள். கோ 1 ஏழெட்டுக் கிலோ வரும்; வயது 175 நாள். ஆடிப்பெருக்கன்று ஊன்றிய கோ 1 பொங்கலைத் தாண்டித்தான் முழுதாக முற்றும். பக்கத்து வீட்டில் பறித்துவிட்டார்களே என்று அவசரப்படாதீர்கள். பொங்கல் குழம்புக்குத் தேவையென்றால் ஒரு காயை மட்டும் முன்னால் பறித்துக்கொள்ளுங்கள், மற்றது கொடியிலேயே கிடக்கட்டும். மழை ஈரம் இன்னும் காயாத மண்ணில் கிடக்கும் காய்க்கு அடியில் ஓட்டுத்துண்டோ பலகையோ கொடுங்கள்.

பறிக்கும்போது கையால் திருகாமல் கத்தியால் நறுக்குங்கள். காயோடு நாலு விரல் நீளத்துக்குக் காம்பு நிற்க வேண்டும். காம்பு அடியோடு பிய்ந்தால் அந்த இடம் திறந்த புண். பூசணம் உள்ளே போக அதுவே வழி. காம்பைப் பிடித்துத் தூக்குவதும் கூடாது, அடியில் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும். பனி உலர்ந்த பிறகு பறியுங்கள். மண் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், தண்ணீரில் கழுவாதீர்கள். காம்பு போன காய், கீறல் பட்ட காய் இரண்டையும் தனியாக எடுத்து அந்த வாரமே சமைத்துவிடுங்கள்.

மிச்சத்தைப் பத்து நாள் ஆறப்போட வேண்டும். குளிர்நாடுகளில் இதற்காகவே ஒரு அறையை 27, 28 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். நமக்கு மார்கழிப் பகலே அந்தக் கணக்குதான். வெயில் படாத, காற்றோட்டமான திண்ணை போதும். இரவுப் பனிக்கு மட்டும் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள். இந்தப் பத்து நாளில் தோல் இறுகும், சின்னச் சிராய்ப்புகளும் காய்ந்து மூடிக்கொள்ளும்.

அப்புறம் வைக்கோல் பரப்பி, ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்குங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஏற்றக் கூடாது. வெறும் சிமெண்ட் தரை வேண்டாம். பழைய வீட்டுக்காரர்கள் உறியில் தொங்கவிடுவதும் நல்ல ஏற்பாடுதான், எல்லாப் பக்கமும் காற்றுப் படும். பழுக்கிற வாழைத்தார் பக்கத்தில் இருக்கவே கூடாது. முழுக் காயை ஃப்ரிட்ஜில் வைப்பதும் தப்பு: 10 டிகிரிக்குக் கீழே போனால் குளிரிலேயே அதன் சதை கெட்டு, வெளியே எடுத்ததும் அழுகத் தொடங்கும். நறுக்கிய துண்டுக்குத்தான் ஃப்ரிட்ஜ், அதுவும் விதையையும் நாரையும் வழித்தெடுத்துவிட்டு. வாரம் ஒருமுறை காம்படியையும் பூவடியையும் தொட்டுப் பாருங்கள். கொழகொழவென்று இருந்தால் உடனே வெளியேற்றிவிடுங்கள்.

நம் ஊர்ச் சூட்டுக்கு இரண்டு, மூன்று மாதம் தாங்கினால் நல்ல கணக்கு. வைத்திருந்த காயில் மாவு சர்க்கரையாக மாறும் என்பதால், பறித்து இரண்டு மூன்று வாரம் கழித்துப் பால்கூட்டு வைத்தால் வெல்லத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

அடிக்கடி கேட்கும் இன்னொன்று: வெண்பூசணிக் கொடி பக்கத்தில் இருந்தால் கலந்துவிடுமா? கலக்காது. இரண்டும் வேறு வேறு இனம். ஆனால் பட்டர்நட் வாங்கினவர்கள் கவனிக்க வேண்டும். அதுவும் பரங்கி இனமே; தேனீ இரண்டையும் கலந்துவிடும். இந்த வருடக் காய் மாறாது, அதன் விதையை அடுத்த வருடம் போட்டால்தான் வித்தியாசம் தெரியும். தோட்டத்திலும் அக்கம்பக்கத்திலும் ஒரே ரகம் என்றால், நன்றாக முற்றிய காயின் விதையைக் கழுவி நிழலில் உலர்த்தி நீங்களே வைத்துக்கொள்ளலாம். விதைக்கடைக்காரர் இப்படிச் சொல்லலாமா என்று கேட்காதீர்கள், கோ ரகங்களுக்கு இதுதான் உண்மை. வீரிய ஒட்டு விதைக்கு மட்டும் இது செல்லாது.

கோலத்துக்குப் பூப் பறிக்கிறவர்கள், அடியில் குட்டிக் காய் இல்லாத ஆண்பூவாகப் பார்த்துப் பறியுங்கள்.

பறிக்கலாமா என்று சந்தேகம் இருந்தால் காம்பு தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். காயைப் பறித்துக் கடைக்கே கொண்டுவந்து கேட்டால் நாங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. போகி முதல் காணும் பொங்கல் வரை கடை விடுமுறை. தைப்பட்டத்துக்கு ஊன்றுகிறவர்களுக்கு அதற்கு மறுநாளிலிருந்து கோ 2 விதை கிடைக்கும்.

இப்படிக்கு,
உங்கள் விதைக்கடை