கண்ணளவு போதாது

ஐயா,

பிரசவ ரத்தப்போக்கு பற்றிய கட்டுரை கண்டேன். முப்பது ஆண்டுகள் பிரசவ அறையில் செவிலியராக இருந்தவள் நான். நனைந்த துணியைப் பார்த்தே 'முந்நூறு மில்லி இருக்கும்' என்று எழுதிவிடுவோம். பல நேரம் அதைவிட அதிகம் போயிருக்கும். தாயின் கை சில்லிட்ட பிறகுதான் ஓடுவோம்.

கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மாரிடம் நடந்த இ-மோட்டிவ் ஆய்வு 2023இல் வெளிவந்தது. இடுப்புக்கடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பை. ரத்தம் 500 மில்லியைத் தொட்டால் கருப்பையைப் பிசைவது, கருப்பையைச் சுருக்கும் ஆக்சிடோசின் மருந்து, ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் டிரானெக்சாமிக் அமிலம், சலைன் எல்லாம் உடனே, ஒருசேர. ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் போவது, அதற்காக வயிற்றைத் திறப்பது, இறப்பு ஆகியவை சேர்ந்து 60 சதவீதம் குறைந்தன.

அந்தப் பையை ஆரம்ப சுகாதார நிலையம் வரை எல்லாப் பிரசவ அறைகளுக்கும் அரசு தர வேண்டும்.

ஓய்வுபெற்ற செவிலியர்,
திண்டுக்கல்