காயத்தையும் காட்டித்தான் சமாதானம் சொன்னார்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

உயிர்த்த ஞாயிறு வந்தால் பத்திரிகைகளின் சிறுவர் பக்கத்தில் வர்ண முட்டையும் முயலும் வருகின்றன, எங்கள் ஞாயிறு பாடசாலைகளிலும் அதே படத்தைப் போட்டோகொப்பி எடுத்து வர்ணம் தீட்டக் கொடுக்கிறோம். அது இருந்துவிட்டுப் போகட்டும். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய லெந்து எனும் தவநாட்கள் முழுக்கச் சாட்டை, முள்முடி, ஆணி என்று ஒன்று விடாமல் சொல்லிக்கொடுத்துவிட்டு, உயிர்த்த பிறகு நடந்ததை மட்டும் "கல்லறை வெறுமையாக இருந்தது, அல்லேலூயா" என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிறு பல இடங்களில் புத்தாண்டு விடுமுறை என்று வகுப்பே இல்லை. பிள்ளைகளின் மனதில் சாவுதான் தங்குகிறது.

யோவான் சுவிசேஷத்தின் 20ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மெதுவாக வாசித்துப் பாருங்கள். சீஷர்கள் பயத்தில் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார்கள். பேதுரு, இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் சொன்னவர். மற்றவர்கள் ஓடிப்போனவர்கள். அவர்கள் நடுவில் வந்து நின்ற இயேசு, என்னை விட்டுவிட்டு எங்கே போனீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, "உங்களுக்குச் சமாதானம்" என்றார். அடுத்த வசனத்திலேயே கைகளையும் விலாவையும் காட்டுகிறார், காட்டிவிட்டுத் திரும்பவும் சமாதானம் என்கிறார், எட்டு நாள் கழித்து, காயத்தைப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற தோமாவுக்காக வந்தபோதும் அப்படியேதான். சாவையே வென்று வந்தவரால் அந்தக் காயங்களை ஆற்றிக்கொண்டு வந்திருக்க முடியாதா? முடியும். ஆனாலும் காயத்தோடுதான் வந்தார். பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஒன்றும் நடக்காத மாதிரி இருந்துகொள்வதற்கு அவர் சமாதானம் என்று பெயர் வைக்கவில்லை.

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இதைச் சொல்லிக்கொடுப்பது லேசான காரியம் இல்லை. 2019 ஏப்ரல் 21 காலையில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, ஞாயிறு பாடசாலை முடிந்து, ஆராதனைக்கு முன் வெளியே நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்த சிறுவர்கள் பலர் பலியானார்கள். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய கோவில்கள், கொழும்பு ஹோட்டல்கள் எல்லாவற்றையும் சேர்த்து அன்று 250 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். இப்போது சின்ன வகுப்பில் இருக்கிற பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள்தான், ஆனால் வீட்டுப் பேச்சில் கேட்டு எல்லாம் தெரியும். "குண்டு வச்ச ஆளையும் இயேசு மன்னிச்சிட்டாரா ரீச்சர்?" என்று ஒரு பிள்ளை வகுப்பில் கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஓம் என்று சட்டென்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடக்கூடாது. கேட்கிற பிள்ளையின் பக்கத்தில் இருக்கிற பிள்ளை, அன்று அக்காவையோ மாமாவையோ இழந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம்.

கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை 2020 உயிர்த்த ஞாயிறன்று, எங்களைத் தாக்கியவர்களை மன்னித்துவிட்டோம் என்று சொன்னார். அதே கர்தினால்தான் உண்மையைக் கண்டுபிடியுங்கள் என்று அன்றிலிருந்து விடாமல் கேட்டு வருகிறார். பாதிக்கப்பட்ட குடும்பங்களும் நீதிமன்றம் போனார்கள், முன்கூட்டியே உளவுத் தகவல் வந்திருந்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைத் தாராளமாகச் சொல்லலாம். மன்னித்தவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை என்று அவர்களுக்கு விளங்கும். கட்டுவாப்பிட்டியவில் இரத்தம் தெறித்த உயிர்த்த இயேசுவின் சுரூபத்தைக் கழுவாமல் அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யோவான் 20ஐ வாசித்தால் அதற்கு மேல் விளக்கமே வேண்டாம்.

அப்புறம், பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடி. இதைச் சொல்லாமல் எங்கள் பகுதியில் சமாதானம் என்று வகுப்பு எடுப்பதில் அர்த்தமில்லை. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் அந்த ஊர் ஆள் என்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அவனைப் பற்றி அந்த ஊர் முஸ்லிம்களே முன்கூட்டிப் பொலிசில் முறைப்பாடு செய்திருந்தார்கள் என்பது எத்தனை பிள்ளைக்குத் தெரியும்? 2019 மே மாதம் வடமேல் மாகாணத்தில், குண்டுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத முஸ்லிம்களின் வீடு, கடை, பள்ளிவாசல் எல்லாம் அடித்து நொறுக்கப்பட்டதையும் சொல்ல வேண்டும். 1990 ஆகஸ்ட் 3ஆம் தேதி அதே காத்தான்குடியில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், சிறுவர்கள் உட்பட, தமிழ் ஆயுததாரிகளால் சுடப்பட்டார்கள். துப்பாக்கிக் குண்டு துளைத்த சுவரை மீரா ஜும்ஆப் பள்ளிவாசலில் இன்றைக்கும் பூசாமல் வைத்திருக்கிறார்கள். சில கிலோமீற்றர்தான் தூரம். ஆராதனை வேளையில் கொல்லப்பட்டவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள், இங்கேயும் இருக்கிறார்கள் என்று தெரிந்து வளர்கிற பிள்ளை, பஸ்ஸில் பக்கத்து சீற்றில் இருக்கிற பிள்ளையை "அந்த ஆக்கள்" என்று பார்க்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவும் வேண்டாம், சரி. அவர்களுக்கு யோவான் 21ஆம் அதிகாரம் இருக்கிறது. இரவு முழுக்க வலை போட்டும் ஒன்றும் படவில்லை, விடிகிற நேரம் கரையில் ஒருவர் நின்று வலது பக்கம் போடுங்கள் என்கிறார், 153 பெரிய மீன். கரைக்கு வந்தால் கரிநெருப்பு, அதன் மேல் மீன், பக்கத்தில் அப்பம், வாருங்கள் சாப்பிடுங்கள் என்கிறார். வாவிக் கரைப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையில் எதையும் விளக்கத் தேவையில்லை. பேதுரு முன்பு மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பின் பக்கத்தில் குளிர்காய்ந்துகொண்டுதான். இங்கே சாப்பாட்டைக் கொடுத்து, சாப்பிட்டு முடிந்த பிறகு, "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று தரம் கேட்கிறார். மூன்றுக்கு மூன்று என்று பிள்ளைகளே எண்ணிக் கண்டுபிடிப்பார்கள், தயவுசெய்து ஆசிரியர்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்! கண்டுபிடித்த பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். பிறகு, அந்தக் கிழமை சண்டை போட்ட இரண்டு பேரை ஒரே தட்டில் சாப்பிட வைத்துப் பாருங்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த உயிர்த்த ஞாயிறுக்குச் சிறுவர் பக்கத்தில் முயலுக்குக் கொடுக்கிற இடத்தில் பாதியையாவது இந்த மீன் கதைக்குக் கொடுங்கள். சபைகளிடம் கேட்பது, உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு வகுப்பை நிறுத்த வேண்டாம். விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் போகட்டும், நிற்கிற ஐந்தாறு பிள்ளைகளோடு பாணும் மீன் குழம்பும் வைத்துக்கொண்டு நடத்தலாம், அதற்குத் தனியாகப் பாடநூலும் வேண்டாம், பணமும் பெரிதாக வேண்டாம்.

இப்படிக்கு,
ஞாயிறு பாடசாலை ஆசிரியை ஒருவர்,
மட்டக்களப்பு.