பொருள்: நார்த்தொட்டிச் சுவரைத் தாண்டி வேர் வரவில்லை, பணமும் நஷ்ட ஈடும் கோருதல்

அனுப்புநர்:
பந்தல் காய்கறி விவசாயி,
வேலந்தாவளம், சித்தூர் வட்டம்,
பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா,

வணக்கம். நாற்று வளர்க்கும் உங்கள் 3 அங்குலத் தேங்காய் நார்த்தொட்டியைப் பற்றிப் போனிலும் வாட்ஸ்அப்பிலும் சொன்னதையேதான் மறுபடி எழுதுகிறேன். கூப்பிடும்போதெல்லாம் புதுப் புகார் எண் தருகிறார்கள். பழைய எண்ணைச் சொன்னால் "அது குளோஸ் ஆயிடுச்சு சார்" என்கிறார்கள். யாரைக் கேட்டு குளோஸ் செய்தார்கள்? அதனால் இந்த முறை பதிவுத் தபால்.

பாகல், புடலை, பீர்க்கன் மூன்றும் வேரில் கை பட்டால் பொறுக்காத கொடிகள். தக்காளி, மிளகாய் நாற்றைப் பிடுங்கி நட்டாலும் சில நாளில் தலை நிமிரும். பாகல் அப்படியில்லை, வேர் அறுந்தால் வாடி நின்று, மீண்டாலும் பந்தல் ஏறுவது பின்தங்கும். அதற்காகத்தானே தொட்டியோடு நடுவது? பெட்டியின் மேலும் நீங்களே "அப்படியே நடலாம், 100% மட்கும்" என்று அச்சடித்திருக்கிறீர்கள். 2.5 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்கு 800 குழி. குழிக்கு 2 நாற்று என்றால் 1,600 தொட்டி. வீரிய ஒட்டு விதை விற்கும் விலையில் ஒவ்வொரு நாற்றும் காசு.

மூன்றாவது இலை விட்டதும் நட்டவை ஒரு முழம் வளர்ந்து நின்றுவிட்டன. தோண்டினால் தொட்டி பெட்டியிலிருந்து எடுத்தபடியே இருக்கிறது. உள்ளே வேர் சுவரில் முட்டித் திரும்பி, வட்டமடித்துக் கிடக்கிறது. தேங்காய் நாரில் லிக்னின் என்ற கெட்டிப் பொருள் அதிகம், மெதுவாகத்தான் மட்கும் என்பது தெரிந்ததுதான். மட்கும்வரை பாகல் காத்திருக்கத் தேவையில்லை; நார் இடுக்கில் வேர் புகுந்து வெளியே வந்தால் போதும். இந்தச் சரக்கில் அதற்கு வழியில்லை. நாரை ஒட்டுவதற்கு அடிக்கும் ரப்பர் பாலை அளவுக்கு மீறி அடித்திருக்கிறீர்கள். முன்பு வந்த சரக்கு இப்படியில்லை. உப்பு கழுவாத நாராக இருந்தால் இலை ஓரம் கருகும்; அது இல்லை, அந்தக் குறையை உங்கள் மேல் சொல்ல மாட்டேன்.

வேண்டுமானால் நீங்களே பாருங்கள். ஒரு தொட்டியை வாளித் தண்ணீரில் போடுங்கள். சரியான தொட்டி கால் மணி நேரத்தில் ஊறிவிடும், விரலால் அழுத்தினால் உள்வாங்கும். இது விடிய விடிய மிதக்கிறது. மேலே தண்ணீர் தெளித்தால் உருண்டு ஓடுகிறது. தண்ணீரே ஏறாத சுவரில் வேர் எப்படி ஏறும்?

இதைச் சொன்னதற்கு உங்கள் சேவை மையத்துப் பையன் சொன்ன பதில்: "உங்களுக்கு நடவே தெரியலைங்ணா. விளிம்பு வெளியே தெரிஞ்சிருக்கும், காத்துல காஞ்சிருக்கும். தொட்டியைக் குத்தம் சொல்லாதீங்க." பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் விவசாயம் பார்ப்பவனுக்கு இதைப் பாடம் எடுக்கிறார்! விளிம்பு மண்ணுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அது திரி போல உள் ஈரத்தை இழுத்துக் காற்றுக்குக் கொடுத்துவிடும். ஆனி, ஆடிக் காற்றில் ஒரே பகலில் வேர்மண் காய்ந்துவிடும். அதனால்தான் விளிம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு அங்குலம் மண் மூடும்படி இறக்கி, தொட்டிக்கும் கரிசலுக்கும் நடுவில் இடைவெளி இல்லாமல் அமுக்கி, சொட்டுநீர்க் குழாயின் சொட்டுவானைத் தண்டுக்கருகில் வைப்பது. அத்தனையும் செய்ததுதான். அவர் சொல்லும் திரி வேலையே இந்தத் தொட்டியில் நடக்காது, ரப்பர் தண்ணீரை உறிஞ்ச விட்டால்தானே!

கடைசியாக ஒன்று சொன்னார் பாருங்கள்: "அப்ப கிழிச்சிட்டு நடுங்க." கிழித்து நடுவதற்கு பாலித்தீன் கவர் போதுமே, உங்களுக்கு எதற்கு இவ்வளவு விலை? சுவரில் ஒட்டியிருக்கும் நுனிவேர் கிழிக்கும்போது அறும். தண்ணீர் குடிப்பது அந்த நுனிவேர்தான். சொந்தச் சரக்கு எதற்கு என்று தெரியாதவரையா போனில் உட்கார வைப்பது?

மாதிரியோடு பாலக்காட்டுக் கிடங்குக்கு வரச் சொன்னதும் உங்கள் ஆட்கள்தான். ஈரச் சாக்கில் சுற்றி, வேர் தெரியும் தொட்டிகளோடு போனால், "பில் தமிழ்நாட்டு பில், கோயம்புத்தூர் டிப்போவுக்குப் போங்க" என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். கோயம்புத்தூரில் கேட்டால், "முகவரி கேரளா, பாலக்காடுதான் பார்க்கணும்" என்கிறார்கள். தொட்டி விற்கும்போது இல்லாத எல்லை, புகார் என்றதும் எங்கிருந்து முளைத்தது? அந்த வெயிலில் அலைந்து திரும்புவதற்குள் மாதிரியும் காய்ந்தது, ஒரு நாள் காய் பறிப்பும் போனது.

இந்த விதைப்புப் பட்டமே பாழாகிவிட்டது. இனி மூன்று வருஷத்துக்குத் தலையெடுக்க முடியாது. அதையும் உங்கள் கணக்கில்தான் எழுதுவேன்.

கோபத்தில் எழுதியதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கம்பெனியில் விஷயம் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்று இன்னும் நம்புகிறேன். தொட்டிப் பணம், விதைப் பணம் இரண்டையும் 15 நாளில் கொடுத்து, இந்த பேட்ச் சரக்கைக் கடைகளிலிருந்து திரும்ப எடுங்கள். இல்லையென்றால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போவேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. பிழைப்புக்கு விவசாயம் செய்பவன் நுகர்வோர் இல்லை என்று வாதாடவும் முடியாது. அந்த "100% மட்கும்" வாசகம் தனிக் கணக்கு: சுற்றுச்சூழலைக் காட்டிப் பொய்யாக விளம்பரம் செய்வதற்கு எதிராக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

பயன்படுத்தாத தொட்டிகள் பெட்டியோடு இருக்கின்றன, பேட்ச் எண்ணும் அழியவில்லை. பில் நகலும் தோண்டி எடுத்த தொட்டிகளின் படங்களும் இத்துடன் இணைத்திருக்கிறேன். நேரில் பார்க்க ஆள் அனுப்பினால் வாளியும் தண்ணீரும் நான் தருகிறேன். போனில் பேசிய அந்தத் தம்பியையே அனுப்பினாலும் சரி.

இப்படிக்கு,
பணம் கட்டிய வாடிக்கையாளர்