குறையும் மைலேஜும் ஓட்டும் முறையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விளம்பரத்தில் சொன்ன மைலேஜ் தங்கள் காருக்குக் கிடைப்பதில்லை என்று பலர் குறைபட்டுக்கொள்கிறார்கள். அந்த எண், ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, வரையறுத்த வேகங்களில் ஓட்டி அளந்தது; எதிர்க்காற்றும் வளைவு நெளிவுகளும் அங்கே கிடையாது.

நெடுஞ்சாலையில் எரிபொருளை அதிகம் குடிப்பது வேகமே. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு (வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய அளவுக்கு) ஏற்ப உயர்வதால், மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும் கார் 110-ஐத் தொடும்போது அந்த எதிர்ப்பு ஏறத்தாழ 1.9 மடங்காகிவிடுகிறது. கூரையின் மேல் காலியாகவே கிடக்கும் லக்கேஜ் கேரியரும் இந்தச் சுமையைக் கூட்டுகிறது.

நகர நெரிசலிலோ, பெட்ரோலை எரித்துப் பெற்ற வேகமெல்லாம் பிரேக்கை மிதிக்கும்போது வெப்பமாகி வீணாகிறது. தொலைவில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டியைக் கியரிலேயே உருளவிட்டால், இன்றைய இன்ஜெக்‌ஷன் எஞ்சின்கள் பெரும்பாலும் அந்நேரத்தில் எரிபொருளை அறவே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில் உருட்டினால் மிச்சமாகும் என்ற பழைய நம்பிக்கையைப் பலர் இன்னும் விட்டபாடில்லை. நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் ஓடுவதற்கே எரிபொருள் தேவை, ஆபத்தும் கூடுதல்.

டயர் காற்றைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. டயர் சூடேறும் முன், வண்டியில் ஒட்டியுள்ள அட்டவணைப்படி அளக்க வேண்டும். எஞ்சின் சூடேறுவதற்குள் முடிந்துவிடும் குறும்பயணங்களும் மைலேஜைக் கெடுப்பவையே.

மைலேஜை அறிய, டேங்கை முழுதாக நிரப்பி ஓட்டி, மறுமுறை நிரப்புகையில் பிடித்த லிட்டரால் ஓடிய தூரத்தை வகுத்துப் பார்ப்பது, டேஷ்போர்டு திரை காட்டும் சராசரியைவிட நம்பகமானது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்