கஸ்தூரியார் வீதிப் படங்கள் கிடைத்தன

பாரிஸ், மார்கழி

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அங்க எல்லாரும் சுகமாய் இருக்க வேணும்.

நீ யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில எடுத்து அனுப்பின படங்களில நகைக்கடைக் கட்டிடமெல்லாம் பின்னுக்குச் சாய்ஞ்சு நிக்குது. கமராவை அண்ணாத்திப் பிடிச்சால் அப்பிடித்தான் வரும். எதிர்க்கரைக்குப் போய் நேராய்ப் பிடி. கீழ றோட்டு கூட விழுந்தால் பிறகு வெட்டலாம்.

இங்க இப்ப வெளிச்சம்தான் பஞ்சம். சூரியன் எட்டே முக்காலளவில எழும்பும், அஞ்சுக்கு முன்னம் போயிடும். எங்கட ஆக்களின்ர கடைகள் இருக்கிற லாச்சப்பலில தெருவுக்கு இரண்டு பக்கமும் ஆறேழு மாடி, வெயில் நிலத்தில படாது. ஆனால் நிழல் கடுமையில்லை. வாசலில முருங்கைக்காய்ப் பெட்டி, உள்ள கல்லாவில இருக்கிறவரின்ர முகம், இரண்டும் ஒரே படத்தில தெளிவாய் விழும். உனக்கு மத்தியானத்தில றோட்டு வெள்ளையாய் வெளிறும், தகரத் தாழ்வாரத்துக்குக் கீழ ஒண்டும் தெரியாது. காலமை எட்டுக்கு முன்னம் போ.

முழு அளவு சென்சர் கமராவில 35 மில்லிமீற்றர் லென்ஸ், வெளிச்சம் விடுற துவாரம் எஃப் 8, போகஸ் 3 மீற்றரில நிக்கட்டும். கிட்டத்தட்ட 2 மீற்றரிலயிருந்து 7 மீற்றர் வரைக்கும் கூராய் இருக்கும். நடக்கிற ஆக்களுக்கு ஷட்டர் 1/250 செக்கன், சைக்கிளுக்கு 1/500. இங்க அதுக்கு வெளிச்ச உணர்வு, அதுதான் ஐஎஸ்ஓ, 1600 வேணும், உனக்கு வெயிலில 200 காணும்.

அட்ஜே எண்ட படப்பிடிப்பாளர் இந்த ஊர்த் தெருக்களை 1927இல சாகுமட்டும் முப்பது வருஷமளவு எடுத்தவர். பிலிமுக்குப் பதில் 18க்கு 24 சென்ரிமீற்றர் கண்ணாடித் தட்டு, கமரா நிக்க முக்காலி. வெளிச்சம் விழ நேரமெடுக்கிறதால நடந்த ஆக்கள் புகையாய்ப் போச்சினம், கடைப்பலகையும் கதவுப்பிடியும் நிண்டுட்டுது. அந்தப் படத்தை வைச்சு இண்டைக்கும் அதே மூலையில போய் நிக்கலாம். நீயும் அங்க பெரியகடைச் சந்தைப் பக்கம் ஒரு இடத்தைப் பிடி. எந்தத் தூணடி, எவ்வளவு உயரம், என்ன லென்ஸ், எத்தினை மணி எண்டு கொப்பியில எழுது. மாதம் ஒருக்கா அங்கயே நில். அந்திச் சூரியனுக்கு முன்னால கோபுரம் எல்லாரும் எடுக்கினம், அதை விடு.

ஆக்களைக் கிட்ட எடுத்தால் ஒரு சொல்லுக் கேள். இங்க முகம் தெளிவாய்த் தெரியிற படத்தைக் கேளாமல் வெளியில போட்டால் வழக்குக்கும் வருவினம்.

குளிருக்குள்ளயிருந்து சூடான மெற்றோவுக்குள்ள இறங்கினால் லென்ஸ் வேர்க்கும், முன்னமே பொலித்தீன் பையில கட்டவேணும். உனக்கு ஐப்பசி மழையில பூஞ்சணம் பிடிக்கும். காத்துப் புகாத டப்பாவில சிலிக்கா ஜெல்லோட வை, நீல மணி றோசாவானால் மாத்து.

அடுத்த கட்டுப் படத்தோட கொப்பிப் பக்கத்தையும் எடுத்து அனுப்பு. அம்மாவைக் கேட்டதாய்ச் சொல்லு.

அண்ணா